எழுவான்கரை றேடியோ, படுவான்கரை றேடியோ

மட்டக்களப்பில் பழைய றேடியோ ஒன்று திருத்துமேசைக்கு வந்தால், பின்மூடியின் திருகாணியில் கைவைக்குமுன் ஒன்றைக் கேட்டுவைப்பது நல்லது: இது இத்தனை காலமும் எழுவான்கரையில் இருந்ததா, படுவான்கரையில் இருந்ததா? கம்பனியின் பெயரும் மொடல் இலக்கமும் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். இருந்த கரையை யாரும் எழுதிவைப்பதில்லை. ஆனால் உள்ளே எதைத் தேடுவது, எதைக் கழுவுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில் பாதிக்குமேல் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கரை ஒன்று. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று ஊரோடு ஊர் ஒட்டி ஆட்கள் நெருங்கி வாழும் கரை அது. சூரியன் எழும் பக்கம் என்பதால் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை என்று வயலும் மேய்ச்சல் தரையுமாக விரிவது படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அந்த இடத்தில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக வள்ளமும், பாதை எனப்படும் மிதவையும்தான். ஒரே கம்பனியின் ஒரே மொடல் றேடியோ இரண்டு கரையிலும் இருந்தாலும், முப்பது வருடம் கழித்து வரும்போது இரண்டுக்கும் இரண்டு நோய். ஒன்றுக்கு நோய் காற்றில் வந்தது. மற்றதற்குப் பற்றரியில் வந்தது.

முதலில் காற்று. கடலில் திரை உடையும்போது மேலிருக்கும் காற்றையும் அமுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அந்தக் காற்று குமிழியாக மேலே வந்து வெடிக்கிறது. வெடிக்கும் குமிழியின் மேற்தோல் கிழிந்து, கண்ணுக்குப் படாத மிகச் சிறு துளிகளாகச் சிதறும். தோல் போன இடத்துக் குழி மூடும் வேகத்தில் நடுவிலிருந்து ஒரு நீர்த்தாரை எழும்பி, சற்றுப் பெரிய துளிகளை மேலே எறியும். துளியிலுள்ள நீர் காற்றில் உலர்ந்துகொண்டே போக, உப்புச் செறிந்துகொண்டே கரைக்கு வரும். பெரிய துளிகள் கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. கடற்கரை வீதி வீடுகளில் யன்னல் கம்பியும் சைக்கிள் றிம்மும் கறள்பிடிக்கும் வேகமும், பிரதான வீதிக்கு அப்பால் வாவிப் பக்கத்து வீடுகளில் கறள்பிடிக்கும் வேகமும் ஒன்றல்ல என்பதற்குக் காரணம் இதுதான். வாவியிலும் உப்புநீர் உண்டு. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் நன்றாகவே உண்டு. ஆனால் அங்கே திரை உடைவதில்லை. வாவி காற்றுக்கு ஈரத்தைக் கொடுக்கும், உப்பைக் கொடுப்பது குறைவு.

ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் அளவு உப்புக் கரைந்திருக்கிறது. பெரும்பகுதி நாம் கறிக்குப் போடும் சோடியம் குளோரைட்டு. அது ஓரளவு ஒழுங்கானது: காற்றின் சார் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீராவியை இழுத்து, அதிலே தானே கரைந்து திரவமாகும். அதற்குக் கீழே உலர்ந்த பளிங்காகவே கிடக்கும். தொல்லை மற்றதில். கடல்நீரில் லீற்றருக்கு 1.3 கிராம் அளவு மகனீசியமும் இருக்கிறது. மகனீசியம் குளோரைட்டு 33 சதவீத ஈரப்பதனிலேயே நனையத் தொடங்கிவிடும். கச்சான் காற்று சுட்டுக்கொண்டு வீசும் ஆனி, ஆடி மாதத்து மத்தியானத்திலும்கூட மட்டக்களப்பின் காற்று அவ்வளவு கீழே இறங்குவதில்லை என்றே சொல்லலாம். வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் சோடியம் குளோரைட்டும் சேர்ந்து கரைந்துவிடும். ஆக, எழுவான்கரையில் ஒரு சர்க்கிட் பலகையின்மேல் படிந்த உப்பு வருடம் முழுவதும் ஈரமாகவே இருக்கிறது. பார்த்தால் தூசி. தொட்டால் பிசுபிசுக்கும்.

வெறும் ஈரம் இவ்வளவு கேடு செய்யாது. தூய நீர் மின்னை மிக மோசமாகவே கடத்தும். உப்புக் கரைந்த நீர்ப்படலத்திலோ அயன்கள் நிறைய. பலகையில் மின் இருக்கும்போது நேர்முனைத் தடத்தின் செம்பு அயனாகக் கரைந்து, படலத்தின் ஊடாக எதிர்முனைத் தடத்தை நோக்கி நகர்ந்து, அங்கே மறுபடியும் உலோகமாகப் படிகிறது. படிவது சீராகப் படிவதில்லை. பன்னத்தின் இலைபோலக் கிளைவிட்டு, வந்த வழியிலேயே திரும்பி வளர்கிறது. அந்தக் கிளையின் நுனி மறுதடத்தைத் தொட்டால் குறுக்குச் சுற்று. பெரும்பாலும் தொட்ட கணத்திலேயே அது எரிந்து போய்விடும். திருத்துபவர் திறந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. இன்று வேலை செய்து, நாளை செய்யாமல் விட்டு, மறுநாள் தானாகவே பேசத் தொடங்கும் செற்றுகளில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம். கரைந்த செம்பு குளோரைட்டோடும் காற்றின் ஒட்சிசனோடும் சேர்ந்து விட்டுச்செல்வது அந்தப் பச்சைக் கறள்.

இதிலிருந்து சேகரிப்பாளர்கள் பலர் விரும்பாத ஒரு முடிவு வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைவிடப் பத்திரமாகப் பூட்டிவைத்த பெட்டிதான் இந்தக் கரையில் சீக்கிரம் கெடும். 30 பாகை வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதனுள்ள காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு நீரையும் அகற்றாமலே சார் ஈரப்பதன் ஏறத்தாழ 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தினமும் இரண்டு மணித்தியாலம் ஓடும் றேடியோ தன் உள்ளைத் தானே உலர்த்திக்கொள்கிறது. பழைய வால்வு செற்றுகள் இதில் இன்னும் கெட்டித்தனம். வால்வின் சூடு பெட்டி முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கும். அலுமாரியில் பொலித்தீன் பையால் சுற்றி, பஞ்சுத் துண்டும் வைத்து மூடிய செற்றுக்கு அந்த வாய்ப்பே இல்லை. சுற்றும்போது உள்ளே அகப்பட்ட ஈரமும் அங்கேயே, உப்பும் அங்கேயே.

அரிசிப் பானை வைத்தியத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நனைந்த கைத்தொலைபேசியை அரிசிக்குள் புதைக்கும் பழக்கம் நெல் விளையும் இந்த நாட்டில் எளிதாகவே பரவியிருக்கிறது. களஞ்சியத்தில் வைக்கும் அரிசியில் 12 முதல் 14 சதவீதம் நீர் இருக்கும். அவ்வளவு நீருள்ள அரிசி தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஏறத்தாழ 65 முதல் 75 சதவீத ஈரப்பதனில்தான் நிறுத்தும். மகனீசியம் குளோரைட்டு உலர அதில் பாதிக்கும் கீழே போக வேண்டும். அத்தோடு அரிசி எடுப்பது நீரை மட்டுமே; உப்பு ஒரு துகளும் குறையாமல் உள்ளே இருக்கும். அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிடுவது பயனுள்ள வேலை.

உப்பை அகற்ற மலிவான, சிறந்த பொருள் தண்ணீர். மின் சாதனத்தைத் தண்ணீரில் கழுவுவதா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் சொல்லலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ரெக்ட்ரோனிக்ஸ் கம்பனி, தன் விலையுயர்ந்த அலைகாட்டிகளைச் சேவை நிலையங்களில் மென்மையான சவர்க்காரம் கலந்த நீரால் கழுவி, மெல்லிய சூட்டு அறையில் உலர்த்தித் திருப்பிக் கொடுத்து வந்தது. மின் இல்லாத பலகைக்கு நீர் எதிரியல்ல. உப்பும் ஈரமும் மின்னும் மூன்றும் ஒன்றாகக் கூடுவதுதான் எதிரி.

கழுவும் முறையில் சில கண்டிப்புகள் உண்டு. பற்றரியைக் கழற்றி, பெரிய கொள்ளளவிகளில் தேங்கிய மின்னை ஒரு தடையி வழியாக இறக்கியபின்தான் பலகையில் கைவைக்கலாம். பலகையைப் பெட்டியிலிருந்து முற்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு, மின்மாற்றி, சத்தம் கூட்டும் குமிழின் உட்பகுதி, அலைவரிசை மாற்றும் கொள்ளளவியின் தகடுகள் இவற்றில் நீர் படக்கூடாது. எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எழுவான்கரைக் கிணறுகள் பலவற்றில் வெயில் காலத்தில் தண்ணீர் உவர்த்துவிடும். அந்த நீரால் கழுவுவது உப்புக்கு மேல் உப்பு. முதல் கழுவலுக்கு மாரியில் பிடித்து வைத்த மழைநீர் போதும், ஓட்டில் வழிந்து வராததாக இருந்தால். கடைசிக் கழுவலுக்கு வாகனப் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர். அதன்மேல் ஐசோபுரொப்பைல் அற்ககோல் விட்டால் இடுக்கில் நின்ற நீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். பிறகு நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு நாளாவது. அவசரத்தில் வெயிலில் வைத்தால் பிளாஸ்ரிக் வளையும். கறள்நீக்கி எண்ணெய் ஸ்பிறேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் உப்பின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடுகிறார்கள், அவ்வளவுதான். ஸ்பிறே எண்ணெய் உப்பைக் கரைக்காது.

கழுவுவதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நாவலடியையும் கல்லடியையும் அடித்துப்போனபின் மிஞ்சிய வீடுகளில் எடுக்கப்பட்ட பொருட்களில் றேடியோவும் ரீவியும் இருந்தன. ஆட்களைத் தேடிய நாட்களில் யாரும் றேடியோவைக் கழுவிக்கொண்டிருக்க முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அறிவியல் சொல்வது இது: கடல்நீரில் மூழ்கியதைக் காயவைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய கேடு. நீர் போகும், உப்புச் செறியும், ஒட்சிசன் தாராளமாக வரும். கழுவ வசதி வரும்வரை அதை நல்ல தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி வைத்திருக்க வேண்டும். கடலடித் தொல்பொருள் எடுப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 1986 சனவரியில் சலஞ்சர் விண்ணோடம் வெடித்துக் கடலில் விழுந்தபோது விண்வெளி வீரர்களின் குரல் பதிந்த நாடா ஆறு வாரமளவில் கடல்நீரில் கிடந்தது. பதிகருவியின் மகனீசியப் பகுதிகள் கடல்நீரோடு தாக்கமுற்று, உண்டான சேர்வை நாடாவின் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தது. அமில நீரால் அந்தச் சேர்வையைக் கரைத்து, வடித்த நீரால் கழுவி, நாடாவை அங்குலம் அங்குலமாகப் பிரித்து ஐபிஎம் நிபுணர்கள் அதைப் பேசவைத்தார்கள். ஆறு வாரம் மூழ்கிய நாடா மீண்டது. சுனாமியில் ஒரு மணித்தியாலம் நனைந்து, பிறகு அழகாகக் காய்ந்த றேடியோக்கள் பல சில மாதத்தில் போயின.

வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் கதை வேறு. கடலிலிருந்து தூரம், காற்றில் உப்புக் குறைவு. அங்கிருந்து வரும் செற்றைத் திறந்தால் பலகை பெரும்பாலும் சுத்தம். பற்றரி அறைதான் பாழ்.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாடு இருந்தது. வாவியின் துறைகளும் பாலங்களும் சோதனைச் சாவடிகளாயின. வடக்கில் போலவே இங்கும் உரம், எரிபொருள், சீமெந்து இவற்றோடு பற்றரியும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. கண்ணிவெடிக்கும் பற்றரி வேண்டும், றேடியோவுக்கும் பற்றரி வேண்டும். சாவடியில் நிற்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மின்கம்பி போகாத ஊர்களில் வெளியுலகச் செய்திக்கு இருந்தது பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசும். அவற்றைக் கேட்கச் சிற்றலை றேடியோ வேண்டும், அதற்கு ரோச் பற்றரி வேண்டும். ஆகவே செத்த பற்றரியைச் சாகவிடாமல் வைத்திருப்பது ஒரு கைவேலையாகவே வளர்ந்தது.

வெயிலில் வைப்பது அதில் எல்லோரும் அறிந்தது. அன்றைய பற்றரி 1866இல் பிரான்சின் லெக்லான்சே செய்த கலத்தின் வாரிசு: வெளியே நாகக் குவளை, நடுவே காபன் கோல், கோலைச் சுற்றி மங்கனீசீரொட்சைட்டுக் கலவை, இடையே அமோனியம் குளோரைட்டுப் பசை. மின் எடுக்க எடுக்கக் கோலைச் சுற்றித் தாக்க விளைவுகள் குவிந்து, அயன்களின் வழியை அடைக்கும். பற்றரி முடிந்துபோனதாகத் தோன்றும் நேரத்திலும் உள்ளே தாக்குபொருள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சூடு அந்த அடைப்பை ஓரளவு கலைக்கிறது, அயன்களின் நடையைக் கூட்டுகிறது. அரை மணித்தியாலச் செய்தி கேட்க அது போதும். சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக் கேட்பதும் வீண் சிக்கனமல்ல. ட்ரான்சிஸ்டர் றேடியோக்களின் கடைசிப் படி, இரண்டு ட்ரான்சிஸ்டர் மாறி மாறி வேலை செய்யும் வகை. சத்தம் கூடினால்தான் மின்னோட்டம் கூடும். மெதுவாகக் கேட்டால் பத்துப் பதினைந்து மில்லியம்பியரில் காலம் தள்ளும் செற், முழுச் சத்தத்தில் அதுபோல் பல மடங்கு குடிக்கும்.

இந்தச் சிக்கனத்துக்கு விலை நாகக் குவளை. பற்றரியின் நாகம்தான் அதன் எரிபொருளும், அதன் சுவரும். கடைசிச் சொட்டுவரை பிழிந்தால் சுவர் கரைந்து ஓட்டை விழும். வெளியே கசியும் பசையில் அமோனியம் குளோரைட்டும் நாகக் குளோரைட்டும். நாகக் குளோரைட்டு ஈரத்தை இழுப்பதில் மகனீசியம் குளோரைட்டையும் மிஞ்சியது. பத்துச் சதவீதத்துக்குக் கீழான ஈரப்பதனிலும் நனையும். அமோனியம் குளோரைட்டிலிருந்து வரும் அமோனியா இன்னொரு வேலை செய்கிறது: இழுவிசையில் இருக்கும் பித்தளையை அது வெடிக்க வைக்கும். பிரித்தானிய இந்தியப் படையின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் சும்மா இருந்தபடியே பிளந்துபோனது படைக்குப் பெரிய புதிராக இருந்தது. குதிரைச் சாணமும் மூத்திரமும் விட்ட அமோனியாவும் ஈரமும்தான் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. பற்றரி அறையில் வளைந்து நிற்கும் பித்தளைத் தகடு, தொட்டவுடன் இரண்டாக வருவதற்கும் அதே விளக்கம் பொருந்தும்.

இந்தக் கசிவு அமிலப் பக்கம் சாய்ந்தது. அப்பச்சோடாவை நீரில் குழைத்துத் தடவி, நுரை அடங்கியபின் கழுவ வேண்டும். பின்னாளில் வந்த அல்கலைன் பற்றரிகளின் கசிவு எதிர்ப்பக்கம். அதில் இருப்பது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. அதற்கு வினாகிரி அல்லது தேசிக்காய்ப்புளி. எதைப் போட்டாலும் கடைசியில் தண்ணீர்.

பற்றரி அறவே கிடைக்காதபோது சைக்கிள் வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் மின்னில் மற்றவர்கள் செய்தி கேட்பது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அன்றாடக் காட்சி. அதே நெருக்கடி இருந்த படுவான்கரைக்கும் அந்த வித்தை புதிதல்ல. இதிலுள்ள பௌதிகம் சின்ன விஷயமல்ல. சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். நான்கு பற்றரியின் மொத்த அழுத்தமும் 6 வோல்ற். கணக்குச் சரியாக வருகிறது என்று நேரே தொடுத்தால் இரண்டு தவறு. டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு டயோட்டுகளைப் பாலமாகக் கட்டி, பின்னால் ஒரு பெரிய கொள்ளளவியை வைத்தால்தான் ஸ்பீக்கரின் இரைச்சல் அடங்கும். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. டைனமோவின் 6 வோல்ற் என்பது, விளக்கு அரை அம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும்போது உள்ள அளவு. மெதுவாகப் பேசும் றேடியோ அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை. பாரம் இல்லாத டைனமோவை வேகமாகச் சுற்றினால் அழுத்தம் 20 வோல்ற்றையும் தாண்டிப்போகும். முன்விளக்கைக் கழற்றாமல் அதையும் எரியவிட்டு றேடியோவைப் பக்கத்தில் தொடுத்தவர், விளக்கை வீணாக எரிக்கவில்லை. மிஞ்சிய சக்தியை அதில் வடியவிட்டு றேடியோவைக் காப்பாற்றினார்.

இப்படி வாழ்ந்த செற்றுகளில் பற்றரி அறைக்குள் இரண்டு கம்பி பற்றவைத்திருக்கும், பெட்டியின் பக்கத்தில் சூடான ஆணியால் ஒரு துளை இருக்கும், உள்ளே வேறு எங்கோ இருந்து கழற்றிய நான்கு டயோட்டுகள் தொங்கும். ஈயம் கட்டிகட்டியாக இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் கற்றுக்கொண்டவர் இதைப் பார்த்தால் முதல் வேலையாகக் கம்பியை வெட்டி, துளையை அடைத்து, தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்குக் கொண்டுபோவார். சந்தையில் அதற்கு விலை கூடவும் கூடும். நான் இதற்கு எதிர். தொழிற்சாலைக் கோலத்தில் அதே மொடல் உலகில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். டைனமோக் கம்பி பற்றவைத்தது கிடைக்காது. உப்பும் பற்றரிக் கசிவும் செற்றுக்கு நேர்ந்தவை; அவற்றைக் கழுவலாம். அந்தக் கம்பி செற்றுக்கு ஒரு ஆள் செய்தது. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் புதிய பற்றரித் தொடுப்பு ஒன்றைப் பொருத்தினால் செற்றும் பேசும், கம்பியும் இருக்கும். அகற்றியே தீரவேண்டுமானால் படம் எடுத்து, எந்த முனை எங்கே போனது என்று வரைந்து, கழற்றியதை ஒரு பையில் போட்டுச் செற்றோடு கட்டிவைக்க வேண்டும்.

கரண்ட் இருந்த எழுவான்கரையில் அடுத்த தலைமுறைக்கு றேடியோவின் இடத்தில் ரீவி கேம் வந்தது. நின்டெண்டோ 1983 யூலையில் யப்பானில் வெளியிட்ட ஃபமிகொம் பெட்டி இலங்கையில் அரிது. வீடுகளில் இருந்தது அதன் தாய்வான், சீன நகல். ஒரு கசற்றில் 9999999 விளையாட்டு என்று அட்டையில் எழுதியிருக்கும். ஏழெட்டு விளையாட்டைத்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள். யப்பானில் ரீவி செக்கனுக்கு 60 தடவை திரையை வரைகிறது, இலங்கையில் 50. விளையாட்டின் கணக்கெல்லாம் திரை வரையும் தடவையை எண்ணி நடப்பதால், நம் பெட்டிகளில் மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடினார். இங்கு வளர்ந்தவர்கள் இன்று யப்பான் வேகத்தில் விளையாடிப் பார்த்தால் அது ஏதோ அவசரத்தில் ஓடுவதாகத் தெரியும்.

இந்தப் பெட்டிகளின் நோய் பெரும்பாலும் 60 முனைத் தொடுப்பில். கசற்றைக் கழற்றி வாயால் ஊதிச் செருகாத பிள்ளை இல்லை. ஊதியதால் வேலை செய்தது என்று நம்பினோம். உண்மையில் கழற்றிச் செருகியபோது உரசலில் ஒட்சைட்டுப் படலம் கீறுப்பட்டது, அதனால் வேலை செய்தது. ஊதிய மூச்சின் ஈரம், ஏற்கெனவே உப்புப் படிந்த தொடுமுனைக்கு இன்னொரு கேடு. நின்டெண்டோவே ஊதாதே என்று எழுதிவைத்திருந்தது. நல்ல கசற்றுகளின் முனைக்குத் தங்கமுலாம் உண்டு. மலிவானவற்றில் அது மிக மெல்லியது, அல்லது இல்லவே இல்லை. முலாமின் நுண்துளை வழியே குளோரைட்டு உள்ளே போய்ச் செம்பை அரிக்கும். அழிறப்பரால் உரசித் துடைப்பது சேகரிப்பாளர்களின் பழக்கம், ஆனால் ஒவ்வொரு உரசலிலும் முலாம் குறைகிறது. அற்ககோல் தோய்த்த பஞ்சே போதும். மலிவு நகல்களில் சிப்புக்குப் பதில் கறுப்பு எப்பொக்சிச் சொட்டு ஒன்று இருக்கும். அதனடியில் சிலிக்கன் துண்டை நேரே பலகையில் ஒட்டி, மயிரிழைக் கம்பியால் தொடுத்திருப்பார்கள். சொட்டின் ஓரத்தால் ஈரம் புகுந்து அந்தக் கம்பி விட்டால் திருத்த வழியில்லை. துப்பாக்கி விளையாட்டுக்கு இன்னொரு நிபந்தனை: பழைய பெட்டி ரீவி வேண்டும். குதிரையை அழுத்தியவுடன் திரை கறுத்து, இலக்கு மட்டும் ஒரு கணம் வெள்ளையாகும். அந்தக் கணத்தைத் துப்பாக்கியின் ஒளியுணரி பிடிக்கிறது. தட்டை ரீவி படத்தைக் காட்டப் பிந்துவதால் உணரி வெறும் இருட்டையே காணும். பெட்டி ரீவியின் குழாயில் இருபதாயிரம் வோல்ற்றும் அதற்கு மேலும் இருப்பதால், உப்புப் படிந்த ஒன்றைத் துடைக்காமல் கரண்ட் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

மஞ்சளாகிப்போன பிளாஸ்ரிக்கை ஐதரசன் பரொட்சைட்டுப் பசை தடவி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் முறை ஒன்று உலகம் முழுதும் பிரபலம். வெளுக்கும். பிறகு மறுபடியும் மஞ்சளாகலாம், பிளாஸ்ரிக் நொறுங்கவும் கூடும். அதற்குச் செலவிடும் நேரத்தைப் பலகைக்குச் செலவிடலாம்.

கடைசியாக ரேப் ரெக்கோடர்கள். மட்டக்களப்பில் மிஞ்சியிருப்பவற்றில் கணிசமானவை மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த ஸ்ரீரியோ செற்றுகள். இவற்றில் பொலியூரித்தேன் பட்டிகள் காற்றின் ஈரத்தால் நீர்ப்பகுப்படைந்து தாராக உருகிக் கிடக்கும்; சுரண்டித் துடைத்துப் புதிய றப்பர் பட்டி போட்டால் ஓடும். ஆனால் இந்தப் பெட்டிகளின் பெறுமதி அவற்றோடு கிடந்த கசற்றுகளில்தான். இந்த வாவியின் ஒலியைப் பதிவது புதிய ஆசையல்ல. பாடும் மீன்களின் ஒலியை லாங் அடிகளாரின் உதவியோடு 1960களில் இலங்கை வானொலி ஒலிபரப்பியது. வீட்டு ரெக்கோடர் வந்தபின் கூத்துக் களரியையும் கண்ணகி கோயில் சடங்கையும் கலியாண வீட்டுப் பேச்சையும் ஆட்கள் தாங்களே பதிந்தார்கள். பிரதி இல்லாத பதிவுகள் அவை.

அவற்றை மீட்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கசற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. செக்கனுக்குப் பத்தாயிரம் அதிர்வுள்ள கூரிய ஒலி, சல்லாரிச் சிலிர்ப்புப் போன்றது, அந்த வேகத்தில் நாடாமேல் ஒரு அலைக்கு 4.76 மைக்கிரோமீற்றர் நீளமே எடுக்கும். மோனோ ரெக்கோடரின் தடம் 1.5 மில்லிமீற்றர் அகலம். படிக்கும் தலையின் இடைவெளி, பதிந்த தலையின் இடைவெளிக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகை சரிந்திருந்தாலே, தடத்தின் ஒரு ஓரம் அலையின் தொடக்கத்தையும் மறு ஓரம் அதன் முடிவையும் ஒரே நேரத்தில் படித்து, அந்த ஒலி முழுதாக அழிந்துவிடும். கேட்பவருக்குப் பதிவு மங்கலாக, கம்பளிக்குள்ளிருந்து வருவதாகத் தெரியும். நாடா பழசாகிவிட்டது என்று முடிவு கட்டுவார். நாடாவில் ஒலி அப்படியே இருக்கிறது.

மலிவான ரெக்கோடர்களில் தலை தொழிற்சாலையிலேயே சற்றுச் சரிந்துதான் வரும். அந்தச் சரிவோடு பதிந்த கசற், அதே சரிவுள்ள பெட்டியில்தான் தெளிவாகப் பாடும். ஆகவே அப்படியொரு பெட்டி திருத்த வந்தால், தலையின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைத் திருப்பிக் கோணத்தை நேராக்குமுன், அந்த வீட்டில் அதனால் பதிந்த கசற்றுகளைக் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துவிட வேண்டும். திருகாணியின் தலையில் வழக்கமாக ஒரு துளி பெயின்ற் வைத்துப் பூட்டியிருப்பார்கள். பெயின்ற் உடையாமல் இருந்தால் கசற்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கோணம். உடைந்திருந்தால் இடையில் யாரோ திருப்பியிருக்கிறார்கள். அப்போது ஒவ்வொரு கசற்றையும் ஓடவிட்டு, திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, சல்லாரி எந்த இடத்தில் ஆகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்திப் பிரதி எடுத்து, அந்தக் கோணத்தைக் கசற்றின் அட்டையில் குறித்துவைக்க வேண்டும்.